எலும்பு ஈயும் முறை: நாய் வளர்ப்போர் நலங்கருதி ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து கொல்லைப்புறத்துக்கு ஒரு பெரிய சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. சரக்கு, எலும்பு. அனுப்புநர், வயிறு நிறைந்த ஒரு குடும்பம். பெறுநர், மணி; அல்லது டைகர்; அல்லது ஜிம்மி. சோதனைச் சாவடி கிடையாது, வழிச்சீட்டு கிடையாது. வால் இரண்டு முறை ஆடினால் அதுவே ஒப்புகைச் சீட்டு.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டன் காலத்திலிருந்து போடுகிறோம், அதுவும் தின்கிறது, இதற்கு ஒரு கட்டுரையா என்பார்கள். இந்த அலட்சியம் படித்தவர்களிடம்தான் மிகுதி. அரைப்பவுன் மோதிரம் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர், நாயின் தொண்டைக்குள் போகப் போவதை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னல் வழியே எறிகிறார். ஆகவே இவ்வாய்வு. இதன் எல்லை வீட்டு நாய் மட்டுமே. பூனை, காக்கை, விருந்துக்கு வந்த மைத்துனர் ஆகியோர் எலும்பைக் கையாளும் முறை இதில் அடங்காது.

முன்னோர் கூற்று

நாயையும் எலும்பையும் சேர்த்துச் சிந்தித்த பெரியோர் பலர். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் போதலிய சுத்தம் என்றொரு பகுதி இருக்கிறது. கறிக்கடைக்காரர் சதையை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, இரத்தம் மட்டும் ஒட்டியிருக்கும் எலும்பைப் பசித்த நாய்க்குப் போட்டால் அதன் பசி ஆறுமா என்று புத்தர் அங்கே கேட்கிறார். ஆறாது; புலனின்பமும் அப்படித்தான் என்பது அவர் சொல்ல வந்தது. நமக்கு இங்கே உவமேயம் வேண்டாம், உவமை போதும். எலும்பு நாய்க்குச் சாப்பாடு ஆகாது என்ற முடிவும், அது கடையிலிருந்து நேரே பச்சையாக வந்தது என்ற குறிப்பும் அதிலிருந்து பெறப்படும்.

கிரேக்கத்துப் பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் நாய் தத்துவ குணம் உடையது என்றார். தெரிந்தவரைக் கண்டால் குழைகிறது, தெரியாதவரைக் கண்டால் சீறுகிறது. ஆகவே அது அறிவை நேசிக்கிறது என்பது அவர் வாதம். தினமும் வரும் கூரியர்காரரைத் தினமும் புதிதாகக் கண்டு குரைக்கும் நாய்களை அவர் பார்த்ததில்லை போலும். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே, ‘கர்கந்துவா’ முன்னுரையில் பிளேட்டோவையே சாட்சிக்கு அழைக்கிறார். நல்லி எலும்பு கிடைத்த நாயைப் பாருங்கள், எவ்வளவு பக்தியோடு காக்கிறது, எவ்வளவு கவனமாக உடைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது, என் புத்தகத்தையும் அப்படியே படியுங்கள் என்கிறார். அந்த நாயின் பல் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர் எழுதவில்லை. இத்தனைக்கும் ரபலே தொழில்முறை மருத்துவர்.

நம் மேடைப் பேச்சாளர்களும் இத்துறைக்குத் தொண்டாற்றி வருகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் எலும்புத் துண்டுக்கு வாலாட்டுகிறார் என்ற செய்தி தேர்தல்தோறும் நமக்குக் கிடைக்கிறது. வீசப்பட்ட அந்த எலும்பு வெந்ததா, பச்சையா என்பதை மட்டும் எந்த மேடையும் தெளிவுபடுத்தியதில்லை. பொருளே அதில்தான் இருக்கிறது.

எச்சில் எலும்பு விதி

இக்கட்டுரை நிறுவ விரும்பும் விதி இது: ஓர் எலும்பை நாய்க்குக் கொடுக்க வீட்டாருக்கு எவ்வளவு எளிதில் மனம் வருகிறதோ, அவ்வளவுக்கு அந்த எலும்பு நாய்க்கு ஆபத்தானது.

நிறுவுவோம். ஞாயிற்றுக்கிழமை எலும்பு எப்படித் தயாராகிறது? முதலில் கடைக்காரர் கத்தியால் துண்டு போடுகிறார்; ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கூர்முனை பிறக்கிறது. பிறகு அது குக்கரில் ஏறி, வெங்காயம், பூண்டு, மசாலாவோடு வேகிறது. பிறகு தட்டுக்கு வருகிறது. மாமா அதைக் கடைவாயில் வைத்துக் ‘கடக்’கென்று உடைத்து, உறிஞ்சி, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் துளைக்குள் பார்த்து, தட்டின் ஓரத்தில் வைக்கிறார். மனித குலத்துக்கு இனி இதனால் ஒரு பயனும் இல்லை என்று தீர்ந்த பிறகுதான் அவருக்கு மணியின் நினைவு வருகிறது. “பாவம், வாயில்லா ஜீவன். அதுக்குப் போடு.”

இந்தக் கருணையின் விளைவை அறிய எலும்பின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு அதற்குக் கடினம் தருகிறது. கொலாஜன் என்ற நார்ப்புரதம் வளைந்துகொடுக்கும் தன்மை தருகிறது. அடுப்பில் ஏறினால் கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் குழம்புக்குள் இறங்கிவிடும். ஆறிப்போன ஆட்டுக்கால் பாயா கட்டித்தட்டி நிற்பது அதனால்தான். நெகிழ்வு குழம்புக்குப் போய்விட, மிஞ்சிய எலும்பு விண்டால் சிராய் சிராயாகத் தெறிக்கும். கோழியின் தொடை எலும்பு இதில் முதன்மையானது. வறுத்ததும் சுட்டதும் இன்னும் மோசம். இருந்த ஈரமும் போய்விடுகிறது. அந்தச் சிராய் ஈற்றில் குத்தும், தொண்டையில் மாட்டும், குடலைத் துளைக்கும். குடல் துளைபட்டு உள்ளே சீழ் பிடித்தால் நாயைக் காப்பாற்றுவது பெரும்பாடு. போதாததற்கு, ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

நன்றாக வேகவைத்து மெத்தென்று ஆக்கிவிட்டால்? இந்தக் கேள்வியை முதலில் கையிலெடுத்தவர் தெனி பப்பேன். நம் வீட்டுக் குக்கரின் கொள்ளுப்பாட்டனை 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டியவர். 1681-இல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, அது எலும்பை மிருதுவாக்கும் எந்திரம் என்று பறைசாற்றியது. மறு வருடம் அந்த எந்திரத்தில் சமைத்த விருந்தை ராயல் சொசைட்டிப் பெரியவர்கள் உண்டார்கள். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல இளகியிருந்தன என்று ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அதாவது, பிரஷர் குக்கர் பருப்புக்காகப் பிறந்ததல்ல. எலும்புக்காகப் பிறந்து, பிழைப்புக்காகப் பருப்பு வேகவைக்கிறது.

ஆனால் நம் அடுப்பில் யாரும் எலும்பு இளகும்வரை காத்திருப்பதில்லை. கறி வெந்ததும் கேஸை நிறுத்திவிடுகிறோம். பச்சையின் நெகிழ்வும் போய், பப்பேனின் இளக்கமும் வராமல், இரண்டுங்கெட்டானாக நிற்கும் அந்த நிலையில்தான் எலும்பு அதிக ஆபத்தானது. கறி சாப்பிட அதுவே சரியான பதம் என்பது நாய் செய்த வினை.

“சூப்பு எடுத்தாலும் எலும்பில் சத்து இருக்கும்” என்ற கூற்றையும் இங்கேயே முடித்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினை ஏழைகளுக்குச் சூப்பாக ஊற்றினார்கள். அதில் உண்மையாகச் சத்து இருக்கிறதா என்று பார்க்க அமைந்த குழுவுக்கு மஜான்டி என்ற உடலியலாளர் தலைமை தாங்கினார். சோதனைக்கு ஆளானவை நாய்கள். ஜெலட்டினை மட்டுமே உண்டு நாய் உயிர்வாழ முடியாது என்று 1841-இல் அறிக்கை வந்தது. சூப்பிலேயே அவ்வளவுதான் என்றால், சூப்புக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் எலும்பில் எவ்வளவு என்பதை உய்த்துணர்க.

களம்

ஆய்வு நூலகத்தோடு நிற்கக் கூடாது. அடுத்த கட்டம் கறிக்கடை.

ஞாயிறு காலை ஆறு மணி. நடுவில் குழி விழுந்த புளியமரக் கட்டை. கொக்கியில் தலைகீழாகத் தொங்கும் கிடாயின் வாலை மட்டும் உரிக்காமல் விட்டிருக்கிறார்கள், வெள்ளாடுதான் என்பதற்குச் சாட்சியாக. வரிசையில் எனக்கு முன்னால் பைகளோடு ஒரு கூட்டம். பின்னால் டிபன் கேரியர் ஏந்திய ஒரு பெரியவர்.

“பாய், நாய்க்கு எலும்பு வேணும்.”

“கறி வாங்குங்க சார், கொசுறாப் போட்டுத் தர்றேன்.”

“கொசுறு வேண்டாம் பாய். காசு எடுத்துக்குங்க. தோள் மூட்டு, முழுசா வேணும். வெட்டாம.”

ஓங்கிய கத்தி பாதி வழியில் நின்றது. “வெட்டாமலா? நாய்க்குத்தானே கேட்டீங்க?”

“நாய்க்குத்தான்.”

“என்ன ஜாதி நாய் சார்?”

“நாட்டு நாய்.”

பாய் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்த பெரியவர் சொன்னார். “தம்பி, அந்த மூட்டை நான் சூப்புக்குன்னு நேத்தே சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல முட்டி வலி. நீங்க நாய்க்கு வேற ஏதாவது பாத்துக்கலாமே?”

“ஆட்டுக்கு ரெண்டு தோள் இருக்குய்யா,” என்று பாய் வழக்கைத் தீர்த்து வைத்தார். எனக்குக் கிடைத்தது கறி விலையிலேயே கிடைத்தது.

விதியின் மறுதலை இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. நாய்க்குப் பாதுகாப்பான எலும்பு எதுவென்று தேடினால், அது சூப்புக்கு என்று இன்னொருவர் சொல்லி வைத்த எலும்பாகத்தான் இருக்கும்.

ஏன் தோள் மூட்டு என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்க உடற்கூற்றியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட், மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த புதையெலும்புகளை வைத்து 1957-இல் ஒரு கோட்பாடு வகுத்தார். அந்தக் குவியலில் சில எலும்பு முனைகள் ஏராளமாக இருந்தன. சில முனைகள் தேடினாலும் அகப்படவில்லை. மனிதனின் மூதாதையர் ஆயுதத்துக்காகப் பொறுக்கியெடுத்து வைத்ததால்தான் இந்த ஏற்றத்தாழ்வு, அவர்கள் எலும்பாலும் பல்லாலும் கொம்பாலும் கருவி செய்தவர்கள் என்றார். அறுபதுகளில் பாப் பிரெயின் என்ற ஆய்வாளர் நமீபியாவின் குயிசெப் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குப் போனார். அங்கே மக்கள் வெள்ளாட்டைச் சமைத்துத் தின்று, எலும்பை நாய்களுக்கு எறிந்தார்கள். பிரெயின் அந்த மிச்சத்தைப் பொறுக்கி எண்ணினார். முன்னங்காலின் மேலெலும்பில் முழங்கைப் பக்கத்து முனை குவிந்து கிடந்தது. தோள்பக்கத்து முனை மருந்துக்கும் இல்லை. குகையில் டார்ட் கண்ட அதே ஏற்றத்தாழ்வு. ஆயுதமும் இல்லை, தேர்வும் இல்லை; மென்றது போக மிச்சம். மனித குலத் தொடக்கம் பற்றிய ஒரு பெருங்கோட்பாடு, நாய் தின்ற ஆட்டெலும்பில் இடறி விழுந்தது.

நாய்கள் தோள்பக்கத்தைத் தின்று தீர்த்ததற்குக் காரணம் எளியது. ஆட்டின் வளர்ச்சியில் அந்த முனை கடைசியில்தான் இறுகும். உள்ளே துளைகள் நிறைந்து, பல்லுக்கு இடம் கொடுக்கும். முழங்கைப் பக்கம் சீக்கிரமே கெட்டிப்பட்டுவிடும். ஆக, குயிசெப் நாய்கள் நமக்கு வழங்கும் பரிந்துரை இது: குருத்தெலும்பும் கொஞ்சம் சதையும் ஒட்டிய மூட்டு முனையைக் கேளுங்கள், நடுத்தண்டை நாடாதீர்கள். மூட்டு கரைந்து தண்டு மட்டும் நிற்கும்போது எடுத்துவிடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. “வெட்டாம” என்பதைக் கத்தி இறங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். கறிக்கடைக்காரரின் கை, கேட்காமலே துண்டு போடப் பழகிய கை.

பல்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், நமக்கு 32. பத்துப் பல் அதிகம் என்பதை வைத்து அது எதையும் கடிக்கும் என்று முடிவு கட்டுவதே நம் வழக்கம். ஆனால் நாயின் பல்லுக்கு மேலிருக்கும் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. அதன் தாடை மேலும் கீழும் கத்தரிக்கோலாக இயங்குமே தவிர, பசுவைப் போலப் பக்கவாட்டில் அரைக்காது. வெட்டும், விழுங்கும். அந்த வெட்டு வேலைக்கு முக்கியமான பல், மேல்வரிசையின் நான்காம் முன்கடைவாய்ப் பல். கல் மாதிரி எலும்பைக் கடிக்கும்போது பக்கவாட்டில் சில்லாகப் பெயர்வதும் பெரும்பாலும் அதுதான். பெயர்ந்த அன்றைக்கு நாய் ஒன்றும் சொல்லாது, வழக்கம்போலச் சாப்பிடும். பல நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வரும். குளவி கொட்டியிருக்கும் என்று வீட்டார் மஞ்சள் பூசுவார்கள். பல்லின் வேரில் கட்டிய சீழ் அது.

ஆகவே மாடு, எருமையின் கால் எலும்புகளை நாய்க்குக் கொடுக்காமல் தவிர்ப்பது நல்லது. அந்த உடம்பைத் தாங்கி நின்ற எலும்பு அது, பல்லுக்கு விட்டுக்கொடுக்காது. நகச் சோதனை என்று ஒன்று கால்நடை மருத்துவர்களிடம் வழக்கில் உண்டு: கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் சிறிதாவது பதிய வேண்டும். பதியவில்லை என்றால் வேண்டாம். முழங்கால் சோதனை என்று இன்னொன்றும் சொல்வார்கள். அந்த எலும்பால் உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டு வாங்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால், நாயின் பல்லுக்கும் அது ஆகாது. செய்து பார்க்க வேண்டியதில்லை, நினைத்துப் பார்த்தால் போதும்.

வளையம் வளையமாக அறுத்த நல்லி எலும்புக்குத் தனிப் புகழ் உண்டு. நாய் நாக்கை உள்ளே விட்டுத் துழாவும்போது, வளையம் கீழ்த்தாடையில் நழுவி ஏறிக் கோரைப்பல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். போன வழி திரும்பாது. எண்ணெய் தடவி, சோப்பு தடவி, ஆளாளுக்கு இழுத்து, கடைசியில் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுக்க வேண்டிவரும். கொழுத்த நாய்க்கு நல்லியின் கொழுப்பே கணைய அழற்சியைக் கொண்டுவரும் என்பது உபரிச் செய்தி.

எலும்பு மெல்லுவதில் நன்மையே இல்லையா எனின், உண்டு. 2016-இல் வெளிவந்த பிரேசில் ஆய்வொன்றில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தபோது, பல்லில் படிந்திருந்த காரை மூன்று வாரத்துக்குள் பெருமளவு குறைந்தது. நாயின் வாய் நாறுவது பெரும்பாலும் அந்தக் காரையால்தான். பல் துலக்க விடாத நாயும், துலக்கிவிட நேரமில்லாத வீட்டாரும் சந்திக்கும் இடத்தில் எலும்புக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மன நிறைவு வேறு. தோள் மூட்டோடு மல்லாடும் நாய் அந்த அரைமணி நேரம் செருப்பைத் தேடாது.

மறுப்பும் விடையும்

இத்துறையில் இரு பள்ளிகள் உள்ளன. எந்த எலும்பும் வேண்டாம் என்பது ஒன்று. கால்நடை மருத்துவர்களில் பலர் இதைச் சேர்ந்தவர்கள். எக்ஸ்ரேயில் தினமும் பார்க்கிறவர்கள் என்பதால் அவர்களை எளிதில் ஒதுக்க முடியாது. பச்சை எலும்பு இயற்கை உணவு என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய நூலுக்கு, உன் நாய்க்கு எலும்பு கொடு என்றே தலைப்பு. இக்கட்டுரை இரண்டுக்கும் இடையில், கையில் ஒரு தோள் மூட்டோடு நிற்கிறது.

நாய் ஓநாயின் வாரிசு, எலும்பு அதற்குத் தூசு என்ற வாதத்துக்கு வருவோம். எலும்பை நொறுக்கவே உருவானது போல நாய்க் குடும்பத்தில் ஒரு கிளை வட அமெரிக்காவில் இருந்தது உண்மை. போரோஃபேகஸ் என்று அதற்குப் பெயர். கலிபோர்னியாவில் கிடைத்த அதன் கல்லாகிப்போன சாணத்தில் எலும்புத் துண்டுகள் அப்படியே இருந்ததை 2018-இல் விவரித்தார்கள். அந்தக் கிளை பூண்டோடு போய்விட்டது. நம் திண்ணையில் படுத்திருப்பது வேறு கிளை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். மணியின் முன்னோர் சோற்றுப் பக்கம் சாய்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. தயிர்சாதத்தைக் கண்டு அது ஆடும் ஆட்டம் குலப்பெருமை.

“எங்க தாத்தா வீட்டு நாய் எல்லா எலும்பும் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலை.” இது வலுவான மறுப்பு. குயிசெப் நாய்களும் வெந்த எலும்பைத்தானே தின்றன என்றும் கூட்டிச் சொல்லலாம். விடை: பிரெயின் எண்ணியது எலும்புகளை, நாய்களை அல்ல. தாத்தா இரண்டையும் எண்ணவில்லை. அவர் வீட்டு நாய் ஒன்று செத்தால், பாம்பு கடித்திருக்கும் அல்லது யாரோ விஷம் வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு குட்டி வந்துவிடும், அதற்கும் மணி என்றே பெயர். பல மணிகள் சேர்ந்து ஒரே நீண்ட ஆயுளாகத் தெரிவது இப்படித்தான்.

கடையில் விற்கும் பதப்படுத்திய எலும்பு பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு: புகையூட்டியும் சுட்டும் பொட்டலமிட்ட எலும்புப் பண்டங்களைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 2010 முதல் 2017 வரை சுமார் 68 புகார்கள் வந்தன. அவற்றில் சொல்லப்பட்ட நாய்களில் ஏறத்தாழ 15 இறந்திருந்தன. பொட்டலம் போட்டாலும் வெந்த எலும்பு வெந்த எலும்புதான். எலும்பு உருவத்தில் வரும் பிஸ்கட்டுகள் வேறு வகை. நியூயார்க்கில் 1908-இல் தொடங்கிய மில்க்-போன் அந்த வடிவத்தால் புகழ்பெற்றது. வடிவம் நாய்க்காக அல்ல. முறுக்கு மாதிரி இருந்தாலும் அது தின்னும். காசு கொடுப்பவருக்கு நாம் எலும்பு போடுகிறோம் என்ற திருப்தி வேண்டியிருக்கிறது.

கொடுக்கும்போதும் பிடுங்கும்போதும்

எலும்பு நாயின் மூஞ்சியைவிட நீளமாக இருக்க வேண்டும். வாய்க்குள் முழுதாகப் போகிற அளவென்றால் தொண்டைக்குள்ளும் போகும். பால்பல் விழாத குட்டிக்கும், பல் தேய்ந்த கிழட்டு நாய்க்கும், எதையும் மெல்லாமல் விழுங்குகிற அவசரக்காரருக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு நாய் இருந்தால் இரண்டு மூலை, இரண்டு எலும்பு.

பச்சை எலும்பில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். நாய் அதைத் தாங்கிக்கொள்ளலாம். எலும்பு உருண்ட தரையில் தவழும் குழந்தை தாங்காது. மொட்டை மாடியோ முற்றமோ, கழுவிவிடக்கூடிய இடமாகப் பார்த்துக் கொடுத்து, பிறகு தரையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாய் அன்பாகச் சேர்த்துத் தரும் பச்சை ஈரல், நுரையீரல் கழிவை நாய்க்குப் போடவே கூடாது. ஆட்டின் அந்த உறுப்புகளில் நீர்க்கட்டியாக இருக்கும் நாடாப்புழு நாயின் குடலுக்கு மாறி, அங்கிருந்து வீட்டு மனிதர்களுக்கு வரும்.

கொடுத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தால் அது ஈகை ஆகாது. பக்கத்தில் இருக்க வேண்டும். கால் மணி நேரம், மிஞ்சினால் அரைமணி. கண்ணை எடுத்தால் எலும்பு ரோஜாத் தொட்டிக்குள் புதைந்து, நாலாம் நாள் முற்றிப் பழுத்து, சோபாவில் உதிக்கும்.

திரும்ப வாங்குவது தனிக் கலை. எலும்பு கவ்விய நாய் வளர்த்தவரையும் பார்த்து உறுமும். அந்த நேரத்தில் கையை நீட்டி நம் அதிகாரத்தை நிலைநாட்டப் போனால் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். குழந்தைகளை அண்டவே விடக் கூடாது. பண்டமாற்றே வழி. வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைச் சற்றுத் தள்ளிப் போட்டால் நாய் எழுந்து போகும்; போனதும் எலும்பை எடுத்துவிடலாம். இந்த வியாபாரத்தில் தான் ஏமாந்ததாக நாய் நினைப்பதில்லை. ஈரல் கிடைத்ததே.

எச்சில் ஒழுகுவது, ஓங்கரிப்பது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, சாப்பாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது, முக்கி முக்கி வெள்ளைச் சுண்ணாம்பாக மலம் போவது அல்லது போகாமலே இருப்பது: இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மீன் முள் சிக்கிய மனிதருக்குச் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கொடுக்கும் நம் கைவைத்தியம் இங்கே வேண்டாம். நாயின் உணவுக்குழாயில் எலும்பு நெஞ்சுக்கூட்டின் வாசலிலோ, இதயத்தின் மேலோ, உதரவிதானத்துக்கு முன்போ சிக்கி நிற்கும். மேலிருந்து உருண்டையை இடித்தால் அது இன்னும் ஆழமாகக் குத்தும்.

காலம்

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய எலும்பை ஞாயிற்றுக்கிழமையே கொடுக்காதீர்கள். அன்று மாலை நாய்க்கு ஏதாவது ஆனால், தெரிந்த கிளினிக் எல்லாம் பூட்டியிருக்கும். திங்கள் காலை, மருத்துவர் இருக்கும் நேரத்தில், வீட்டில் ஒருவர் சும்மா இருக்கும்போது கொடுப்பதே முறை.

அதுவரை அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். சாப்பிட்ட மிச்சத்தைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாலு நாளுக்குமேல் வைக்கக் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை பூஜைக்குமுன் ஃபிரிட்ஜில் கவுச்சி இருக்கக் கூடாது என்பது சட்டம். கிருமியியலும் மாமியாரும் ஒரே நாளில் ஒன்றுபடும் இடம் உலகில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இடையில் கிருத்திகை, அமாவாசை வந்தால் காலக்கெடு முன்கூட்டியே முடியும். புரட்டாசியில் பல வீட்டு நாய்களுக்கு ஆராய்ச்சியே கிடையாது, தயிர்சாதம்தான்.

வைக்கும் டப்பா இறுக்கமான மூடி உள்ளதாக இருக்கட்டும். மேலே ‘நாய்க்கு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுவது மிக அவசியம். ஒட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை இரவு யாருக்காவது லேசாக ஜலதோஷம் பிடிக்கும், மிளகு தட்டிப் போட்டு நாலு விசில் விடுவார்கள். புதன்கிழமை காலை அதே தோள் மூட்டு, வெந்து, விண்டு, மாமாவால் உறிஞ்சப்பட்டு, தாராள மனத்தோடு மணியின் தட்டுக்கு வந்து சேரும்.